ஒரே இரவில் மொட்டையாகும் புல்தரை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வீட்டு முன்னால் 500 சதுர அடிக்குக் கொரியன் புல் போட்டிருக்கிறோம். தொடர்மழை விட்ட சில நாளில் ஒரு மூலை பழுப்பானது. தண்ணீர் போதவில்லை என்று கூடுதலாக விட்டோம். மூன்றே நாளில் பாதித் தரை மொட்டை. இது நோயா, பூச்சியா?
– வாசகி, கோவை

பழுப்பும் பச்சையும் சேரும் எல்லையில் குனிந்து பாருங்கள். இலை காய்ந்துபோய் அப்படியே நின்றால் நோய், அல்லது தண்ணீர்க் குறை. இலையே இல்லாமல் தண்டு மட்டும் குச்சி குச்சியாக நின்றால் புழு. ஒரு கொத்தைப் பிடித்து இழுங்கள். வேரறுந்து பாய் சுருட்டுவதுபோல் கையோடு வந்தால் அது வேர்ப்புழு. அதற்கு வைத்தியம் வேறு. புல் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் படைப்புழுதான், அதாவது கூட்டமாக இலையை மேயும் அந்துப்பூச்சிப் புழு. அது வேரைத் தொடாது.

உறுதி செய்ய சோப்புத் தண்ணீர் போதும். 5 லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு 30 மில்லி கலந்து, ஒரு சதுர மீட்டர் பரப்பில் பூவாளியால் மெதுவாக ஊற்றுங்கள். மொட்டையான நடுப்பகுதியில் ஊற்றிப் பயனில்லை, புழுக்கள் அங்கிருந்து நகர்ந்திருக்கும். எல்லையை ஒட்டிய பச்சைப் பக்கத்தில் ஊற்ற வேண்டும். பத்து நிமிடத்துக்குள் புழுக்கள் நெளிந்து மேலே வரும், தொட்டால் வளையமாகச் சுருண்டுகொள்ளும். பார்த்து முடித்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். இல்லாவிட்டால் வெயிலில் புல் கருகும்.

முதுகில் நீளக் கோடுகளும் ஜோடி ஜோடியாகக் கறுப்புப் பிறை அடையாளங்களும் இருந்தால், நெல் நாற்றங்காலை மேய்ந்துவிட்டுப் போகும் அதே படைப்புழு. தலையில் கவிழ்த்த 'ஒய்' எழுத்தும் வால்பக்கம் சதுரமாக நான்கு புள்ளிகளும் இருந்தால், 2018இல் இந்தியாவுக்குள் வந்த மக்காச்சோளப் படைப்புழு. இரண்டுக்கும் வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான்.

நாங்கள் அழுத்திச் சொல்வது இதைத்தான்: மருந்து வாங்கும் முன் புழுவின் நீளத்தை அளந்து பாருங்கள். படைப்புழு தன் மொத்தத் தீனியில் பெரும்பங்கைக் கடைசி சில நாளில்தான் தின்கிறது. 'ஒரே இரவில்' போனதாகத் தெரியும் புல்தரையில் அது இரண்டு வாரமாகவே இருந்திருக்கும். ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இருந்தால் பி.டி. என்கிற பாக்டீரியா மருந்து (குர்ஸ்டாகி வகை) லிட்டருக்கு 2 கிராம் கலந்து அடித்தால் போதும். உங்கள் தரைக்கு 5 லிட்டர் கரைசல் சரியாக இருக்கும். அடிக்கும் முன் புல்லை வெட்டி, வெட்டியதை வாரிவிடுங்கள். மூன்றரை சென்டிமீட்டரைத் தாண்டியவை ஓரிரு நாளில் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். அவற்றின் மேல் மருந்து அடிப்பது வீண். இடைப்பட்ட அளவில் கூட்டமாக இருந்தால் மட்டும் குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி. என்கிற ரசாயனப் பூச்சிமருந்து, லிட்டருக்கு 0.4 மில்லி. வாங்கும் முன் உள்ளூர் வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மீன்தொட்டி, கிணற்றுப் பக்கம் அது வழிந்து போகவே கூடாது.

பி.டி. அடித்தும் புழு சாகவில்லை. போலி மருந்தா?
– வாசகர், நாமக்கல்

காலை பத்து மணிக்கு அடித்து, மறுநாள் விடிந்ததும் ஹோஸ் பிடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான். இந்த மருந்து புழுவின் வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும். வெயிலில் வீரியம் இழந்துவிடும், தண்ணீரில் கழுவிக்கொண்டு போய்விடும். புழு மேய வருவதோ இருட்டிய பிறகு. முதலில் தண்ணீர் விட்டு, மாலை ஆறு மணிக்கு மேல் மருந்து அடித்து, 24 மணி நேரம் தண்ணீர் காட்டாமல் விடுங்கள். தின்ற புழு உடனே சாகாது. மேய்வதை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று நாளில் சாகும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை அடியுங்கள், புதிதாகப் பொரித்தவை அதில் அடங்கும்.

நாற்றங்காலில் மண்ணெண்ணெய் விடுவோமே, புல்தரைக்கும் விடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

வேண்டாம். நாற்றங்காலில் தேங்கிய தண்ணீர்மேல் எண்ணெய் படலமாக நிற்கும், அதில் விழும் புழு மூச்சு முட்டிச் சாகும். புல்தரையில் தண்ணீர் தேங்காது. எண்ணெய் மண்ணில் இறங்கிப் புல்லைத்தான் எரிக்கும். சின்னத் தரையானால் ஈரச்சாக்கு நல்ல வழி. மாலையில் சாக்குகளை நனைத்து எல்லையோரம் விரித்து வையுங்கள். மேய்ந்து முடித்த புழுக்கள் விடியலில் அதனடியில் ஒதுங்கும். வெயில் ஏறும் முன் சாக்கைத் தூக்கி, பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மைனாவும் கொக்கும் தரையில் இறங்கிக் கொத்தினால் விரட்டாதீர்கள்.

போர்டிகோ சுவரில், விளக்குக்குக் கீழே, பழுப்புப் பஞ்சு ஒட்டினாற்போல் இருக்கிறதே?
– வாசகி, சென்னை

படைப்புழுவின் தாய் அந்துப்பூச்சி தன் உடல் ரோமத்தால் மூடிவைத்த முட்டைக் குவியலாக இருக்கலாம். ஒரு குவியலில் சில நூறு முட்டை வரை இருக்கும், ஒரு வாரத்துக்குள் பொரித்துவிடும். பழைய கத்தியால் சுரண்டிச் சோப்புத் தண்ணீரில் தட்டுங்கள். வெறுமனே தரையில் சுரண்டிவிட்டால் அங்கேயே பொரிக்கும். பளீர் வெள்ளை விளக்குக்குப் பதில் மஞ்சள் விளக்கு போட்டால் பூச்சி வரத்து குறையும்.

மொட்டையான இடத்தில் புதுப் புல் பதிக்க வேண்டுமா?
– வாசகர், மதுரை

அவசரப்படாதீர்கள். வேரும் ஓடுதண்டும் உயிரோடுதான் இருக்கும். அருகம்புல் இனம் இரண்டு மூன்று வாரத்தில் தழைத்துவிடும், கொரியன் புல் இன்னும் மெதுவாக. புழு முழுக்க ஒழிந்ததைச் சோப்புத் தண்ணீரில் பார்த்துவிட்டு, சதுர மீட்டருக்கு 5 கிராம் யூரியா தூவி உடனே தண்ணீர் விடுங்கள். புழு இருக்கும்போதே யூரியா போட்டால் வரும் இளந்தளிர் அதற்குத்தான் விருந்து.