கனிவு கட்டுப்படியாகுமா?

வணக்கம் சார்,

கோவையில் நான்கு வருடமாக ஒரு சின்ன டிசைன் ஸ்டுடியோ நடத்துகிறேன். என்னோடு மூன்று பேர் வேலை செய்கிறார்கள். லோகோ, பேக்கேஜிங், பிரோஷர், கடைகளுக்கு ஃப்ளெக்ஸ் என்று எல்லாம் செய்கிறோம். வேலைக்குக் குறைவில்லை. ஆனால் நானே உட்கார்ந்து ஒரு டிசைன் செய்து எட்டு மாதம் ஆகிறது. கொட்டேஷன், கரெக்‌ஷன், பாக்கி வசூல், ஜிஎஸ்டி என்றே பொழுது போய்விடுகிறது. "நைக்கி லோகோவே 35 டாலர்தானாமே, உங்களுக்கு எதுக்குங்க 20,000?" என்று ஒரு கஸ்டமர் கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் பாதி விலைக்கு ஒப்புக்கொண்டேன்.

போன மாதம் எங்கள் பையன் ஒருவன், ஒரு துணிக்கடையின் பேனர்களில் போன் நம்பரைத் தப்பாகப் போட்டுவிட்டான். மறுபடி அடித்ததில் 18,000 ரூபாய் நஷ்டம். எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அன்றைக்கிலிருந்து அவன் தானாக எதையும் செய்வதில்லை. ஒவ்வொரு எழுத்தையும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறான். ஆசைப்பட்டு ஆரம்பித்த தொழில் இது. அந்த ஆசையும் போய், மனுஷத்தன்மையும் போய்க்கொண்டிருக்கிறதோ என்று பயமாக இருக்கிறது. கனிவாக இருந்துகொண்டு தொழில் நடத்த முடியுமா சார்?

ஆர்.

(கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஸ்டுடியோவின் பெயரையும் எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள ஆர்.,

எழுத வருவதற்கு முன்னால் பதினோரு வருடம் மதுரையில் டிடிபி வேலை, அதாவது கம்ப்யூட்டரில் அச்சுக்குப் பக்கம் தயாரிக்கிற வேலை, பார்த்தவன் நான். நீங்கள் எழுதியிருப்பதில் பாதி எனக்கும் நடந்திருக்கிறது.

முதலில் அந்த 35 டாலர். அது நிஜம்தான். 1971இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் டிசைன் படித்துக்கொண்டிருந்த கரோலின் டேவிட்சன் என்ற மாணவி வரைந்தது அந்த லோகோ. அவர் படித்த பல்கலைக்கழகத்தில் கணக்குப்பதிவியல் பாடம் எடுத்தவரும் நைக்கியைத் தொடங்கியவர்களில் ஒருவருமான ஃபில் நைட், மணிக்கு 2 டாலர் கூலி பேசி வேலை கொடுத்தார். வரைந்ததைப் பார்த்தபோது அவருக்குப் பெரிதாகப் பிடிக்கவும் இல்லை. கதையின் மீதியை உங்கள் கஸ்டமர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். 1983இல் கம்பெனி டேவிட்சனை அழைத்து விருந்து வைத்து, அந்தச் சின்னத்தையே வடிவமாகக் கொண்ட வைர மோதிரமும் கம்பெனியின் பங்குகளும் கொடுத்தது. பன்னிரண்டு வருடம் கழித்து என்றாலும் தேடிக் கூப்பிட்டுக் கொடுத்தார்களே, அது எனக்குப் பிடிக்கும். ஆனால் அப்படி ஒரு விருந்து வரும் என்று நம்பி யாரும் வாடகை கட்ட முடியாது. அந்த 35 டாலர் ஒரு மாணவியின் மணிக்கூலி. மூன்று பேர் சம்பளமும் சாஃப்ட்வேர் சந்தாவும் கரண்ட் பில்லும் அதில் இல்லை. அடுத்த முறை யாராவது கேட்டால் இதை அப்படியே, சிரித்த முகத்தோடு சொல்லுங்கள்.

பாதி விலைக்கு ஒப்புக்கொண்டதை நீங்கள் கனிவின் கணக்கில் எழுதியிருப்பீர்கள். கட்டாத விலைக்கு எடுத்த வேலையில் மூன்றாவது கரெக்‌ஷன் வரும்போதே எரிச்சல் தொடங்கிவிடும். அந்த எரிச்சலைக் கஸ்டமரிடம் காட்ட முடியாது. பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் மேல்தான் அது இறங்கும். அன்றைக்கு நீங்கள் கத்தியது 18,000 ரூபாய்க்கு மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. விட்டுக்கொடுத்த அந்தப் 10,000மும் அதில் சேர்ந்திருக்கும்.

அதனால் காசு விஷயத்தில் கறாராக இருங்கள். எத்தனை மாதிரி காட்டுவீர்கள், எத்தனை கரெக்‌ஷன் இலவசம், பாதி அட்வான்ஸ் வந்த பிறகுதான் வேலை ஆரம்பம் என்று கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள். யாருக்காவது குறைத்துக் கொடுக்க மனசு வந்தால் கொடுங்கள், ஆனால் பில்லில் முழு விலையையும் எழுதிக் கீழே தள்ளுபடியைக் காட்டுங்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு செய்திருக்கிறீர்களா? கட்டணம் கிடையாது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள், எப்படியும் 45 நாளைத் தாண்டாமல், உங்களுக்குப் பணம் வர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி. கோர்ட்டுக்குப் போகச் சொல்லவில்லை. பில்லின் அடியில் இந்தச் சட்டத்தைச் சொல்லி ஒரு வரி எழுதியிருந்தாலே பாக்கி கேட்டுப் போன் போடும்போது குரல் தடுமாறாது.

அப்புறம், ஆசை. எட்டு மாதமாக நீங்கள் டிசைன் செய்யவில்லை என்பதைவிட, நீங்கள் செய்த பொருளை யாராவது கையில் எடுத்துப் பார்ப்பதை எத்தனை மாதமாகப் பார்க்கவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடைக்கு லேபிள் செய்தேன். ஸ்கிரீனில் அழகாகத்தான் இருந்தது. சும்மா ஒருநாள் அந்தக் கடைக்குப் போய் அரை மணி நேரம் நின்றேன். எண்ணெய்க் கையோடு எடுத்து எடுத்துக் கொடுத்ததில் பேப்பர் லேபிள் கண்ணாடி மாதிரி ஊறிப் போயிருந்தது. வயதான ஒரு அம்மா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நல்லெண்ணெயா கடலெண்ணெயா என்று கடைக்காரரைக் கேட்டார். நான் பெரிதாகப் போட்டிருந்தது கடையின் பெயரை. அன்று ராத்திரியே எண்ணெயின் பெயரைப் பெரிதாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் வைத்து, பேப்பரை விட்டு ஃபிலிம் ஸ்டிக்கருக்கு மாற்றினேன். அதற்கு யாரும் காசு தரவில்லை. அந்த வருடம் நான் சந்தோஷமாகச் செய்த வேலை அதுதான்.

அமெரிக்க டிசைனர் தம்பதி சார்ல்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசின் அழைப்பில் வந்து நாடு முழுக்கச் சுற்றிவிட்டு 1958இல் கொடுத்த அறிக்கையில், அவர்கள் ஆகச் சிறந்ததென்று கொண்டாடிய பொருள் நம் வீட்டுச் செம்பு. எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், ஊற்றும்போது எடை எப்படி மாறும், இடுப்பில் எப்படி உட்காரும், தொட்டால் எப்படி இருக்கும் என்று கேள்வி மேல் கேள்வியாக அடுக்கியிருப்பார்கள். அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. அந்தக் கேள்விகளில் எல்லாம் செம்பைத் தூக்குகிற ஒரு ஆள் இருக்கிறார். மாதத்தில் ஒரு வேலையையாவது அப்படிக் கடைவரை போய்ப் பார்த்து நீங்களே செய்யுங்கள். பாக்கி வசூல் இரண்டு நாள் தள்ளிப்போனால் போகட்டும்.

கடைசியாக, அந்தப் பையன்.

எனக்கு இருபத்திரண்டு வயது. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். அப்போதெல்லாம் கல்யாணப் பத்திரிகை என்றால் பழைய ஃபைலைத் திறந்து அதன் மேலேயே பெயரை மாற்றி அடிப்போம், ஃபாண்ட் தேடுகிற வேலை மிச்சம். அப்படி அடித்ததில், முந்தின வீட்டுத் தாத்தாவுக்கு இருந்த 'தெய்வத்திரு' அப்படியே நின்றுவிட்டது. 500 கார்டு அச்சாகிவிட்டது. வாங்க வந்தது அந்தத் தாத்தாவேதான், மகனோடு. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரல் வைத்துத் தன் பெயரைப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் கார்டை மேஜையில் வைத்தார். மகன்தான் கத்த ஆரம்பித்தார்.

முதலாளி எழுந்து வந்து பெரியவரை உட்கார வைத்தார். "தப்பு எங்க மேலதாங்கய்யா. நாளான்னைக்குக் காலையில வேற கார்டு உங்க வீட்டுக்கே வந்துரும்" என்றார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அதே மாடல் கார்டு மொத்தக் கடையில் 200தான் கிடைத்தது. மீதியை சிவகாசியிலிருந்து பஸ்ஸில் வரவழைத்தார். மறுநாள் ராத்திரி அவரே பிரிண்டிங் ஸ்கிரீனில் மை ஊற்றி ரப்பரை இழுக்க, நான் ஈரக் கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் பரப்பினேன். இரண்டு மணி வாக்கில்தான் பேசினார். "பழைய ஃபைல் மேல இனிமே அடிக்காத. புதுசாத் திற. நீ அடிச்சதை இன்னொருத்தன் சத்தமாப் படிக்கட்டும்." அவ்வளவுதான். சம்பளத்தில் பிடிக்கவும் இல்லை. அவரால் அது முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு: அட்வான்ஸ் வாங்காமல் அவர் ஒரு விசிட்டிங் கார்டுகூட அடித்துக் கொடுத்ததில்லை. மறுநாளிலிருந்து பெயர் படித்துப் பார்க்கிற வேலையை என்னிடமே கொடுத்தார். அந்தக் கடையில் அதற்குப் பிறகு நான் செய்த வேலையெல்லாம் அந்த ராத்திரிக்காகச் செய்ததுதான்.

நீங்கள் கத்தியது எல்லார் முன்னாலும். மன்னிப்பையும் எல்லார் முன்னாலும் கேளுங்கள், நீட்டி முழக்க வேண்டாம். அப்புறம் ஒரு ஏற்பாடு செய்யுங்கள்: இனி எந்த வேலையும் அச்சுக்குப் போகும் முன்னால், டிசைனில் இருக்கிற நம்பரைப் பார்த்து அப்படியே டயல் செய்து, யார் எடுக்கிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும். அந்தப் போனை அவனே போடட்டும்.

அன்புடன்.