வாள்ல கிரீடம் இருந்தா அது பிரபுவோட வாள் ஆகிடுமா?

லண்டன்ல இருக்கற வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: பழைய பிரிட்டிஷ் கடற்படை ஆபீசர் வாள் ஒண்ணு, வெள்ளைக் கைப்பிடி, சிங்கத் தலை, கிரீடமும் நங்கூரமும் இருக்கு, ஒரு ஏர்ல் (பிரிட்டிஷ் பிரபு பட்டம்) இடுப்புல கட்டினதுன்னு சொல்லி வியாபாரி ரெண்டு மடங்கு விலை சொல்றார், வாங்கலாமா?

சார், அந்தக் கிரீடமும் நங்கூரமும் கடற்படையோட சின்னம், பிரபுவோடது இல்ல. 1827ல வந்த மாடல் இது, ஆபீசருங்க அவங்கவங்க காசுல வாங்கிக்கிட்டது, பிரபு வீட்டுப் பையனும் சாதா வீட்டுப் பையனும் ஒரே மாதிரி வாளைத்தான் கட்டினாங்க. ராஜ கிரீடத்துக்கு மேல வளைவு இருக்கும், பிரபுக்களோடதுல அந்த வளைவு இருக்காது, ஏர்ல் கிரீடம்னா உயரமான கம்பி மேல உருண்டை, மொத்தம் எட்டு, படத்துல அஞ்சுதான் தெரியும். அது பிளேடுல இனிஷியலோட இருக்கான்னு பாருங்க. சுத்தி இருக்கற பூ வேலை தேய்ஞ்சு போய் கிரீடம் மட்டும் பளிச்னு இருந்தா யாரோ புதுசா பொறிச்சிருக்கான்னு அர்த்தம், வெச்சுட்டு கிளம்பிடுங்க. வியாபாரி அவரே டைப் அடிச்சுக் குடுக்கற சர்டிபிகேட் பேப்பர் காசு கூட பெறாது, இந்த ஏர்ல் கதை விக்கற புரோக்கருங்களப் பாத்தாலே எனக்கு பத்திக்கிட்டு வரும்.

வில்கின்சன் கம்பெனி வாளா இருந்தா பிளேடோட முதுகுல கைப்பிடி பக்கம் நம்பர் இருக்கும், வாங்கினவர் பேர் பல நேரம் அவங்க பழைய லெட்ஜர்லயே கிடைக்கும். பேர் கிடைச்சா லண்டன் கியூ பகுதியில இருக்கற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல (அரசு ஆவணக் காப்பகம்) ஏடிஎம் 196ங்கற கடற்படை ஆவண வரிசையில (பணம் எடுக்கற ஏடிஎம் இல்ல) அவர் சர்வீஸ் ரெக்கார்டைத் தேடுங்க.

இப்ப அந்த வெள்ளைக் கைப்பிடி. சொரசொரன்னு இருந்தா மீன் தோல், பிரச்சனையே இல்ல. வழவழன்னு கோடு கோடா இருந்தா யானைத் தந்தமா இருக்கலாம், இதுக்கு முந்தின 1805 மாடல்ல கேப்டன் கமாண்டருக்கெல்லாம் தந்தப் பிடிதான். 2022 ஜூன்ல இருந்து பிரிட்டன்ல தந்தம் விக்கறதும் தப்பு, வாங்கறதும் தப்பு. 1947க்கு முந்தின பொருள், தந்தம் மொத்த வால்யூம்ல பத்து சதவீதத்துக்குக் கீழன்னா 20 பவுண்டு கட்டி ரிஜிஸ்டர் பண்ணிட்டு விக்கலாம். கவனிங்க, எடை இல்ல, வால்யூம்! வாள் பிளேடு எவ்வளவு மெலிசு, பிடி எவ்வளவு தடி, பத்தைத் தாண்டாம இருக்குமா? தாண்டிட்டா 1918க்கு முந்தினது, கலை, சரித்திர மதிப்பு ரொம்ப உயர்ந்ததுன்னு சர்டிபிகேட் கேட்க 250 பவுண்டு கட்டணும், அது கிடைக்கலேன்னா அந்தக் காசும் போச்சு. யானையக் காப்பாத்தட்டும், வேணாங்கல, இருநூறு வருஷம் முன்னாடி செத்த யானைக்கு ஸ்கேல் வெச்சு அளக்கச் சொல்றவன் ஒரு தடவையாவது வாளைக் கையில பிடிச்சிருப்பானா?

அதனால முதல்ல பிடி என்னன்னு கேளுங்க, தந்தம்னா ரிஜிஸ்ட்ரேஷன் நம்பரைக் காட்டச் சொல்லுங்க, அப்புறம் ஏர்ல் பேரைக் கழிச்சுட்டு வெறும் ஆபீசர் வாளுக்கு என்ன விலைன்னு பேசுங்க. வாங்கினா பிராஸோ (பித்தளை பாலிஷ்) போட்டுத் தேய்க்காதீங்க, தங்க முலாம் போயிடும்.