காரில் எந்த விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்த வேண்டும்? இன்ஜின் ஹீட் ஆகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி கேட்டவர் மே மாதம் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னையில் இருந்து பள்ளத்தூர் வருகிறாராம். மாதக்கணக்காக வீட்டு ஷெட்டில் நிற்கும் அப்பாவின் காரை எடுத்து ஓட்டப் போகிறார். சாவியைப் போட்டால் மீட்டரில் சிவப்பும் மஞ்சளுமாக என்னென்னவோ எரிகிறது, எதற்குப் பயப்பட வேண்டும், இந்த வெயிலில் இன்ஜின் சூடாகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறார்.

நான் காரைக்குடியில் டிராவல்ஸ் வண்டி ஓட்டுபவன். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறவர்களின் கார்களை அவ்வப்போது எடுத்து ஓட்டி வைப்பதும் என் வேலைதான். செட்டிநாட்டில் ஓடுகிற கார்களைவிட நிற்கிற கார்கள்தான் அதிகம் தகராறு செய்யும். அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

முதலில், சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஸ்டார்ட் ஆவதற்கு முன்னால் எல்லா விளக்கும் எரிவது கோளாறு இல்லை. விளக்குகள் வேலை செய்கின்றனவா என்று வண்டி காட்டிக்கொள்கிறது. ஸ்டார்ட் ஆன சில விநாடிகளில் ஹேண்ட்பிரேக், சீட் பெல்ட் தவிர மற்ற சிவப்பு, மஞ்சள் விளக்கெல்லாம் அணைய வேண்டும். அணையாமல் நிற்பது எது என்பதுதான் கேள்வி. அந்தச் சில விநாடிகளில் எரிய வேண்டிய விளக்கு எரியவே இல்லை என்றால் அதையும் சந்தேகப்படுங்கள். செக் இன்ஜின் பல்பைப் பிடுங்கிவிட்டுப் பழைய வண்டியை விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

நிற்கிற வண்டியில் இன்னொரு விஷயம் உண்டு. பேட்டரி இறங்கிப் போயிருந்தால் ஏபிஎஸ், ஸ்டியரிங் என்று சம்பந்தமில்லாத விளக்குகளெல்லாம் சேர்ந்து எரியும். அதைப் பார்த்து வண்டியே போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பேட்டரியை நன்றாக சார்ஜ் போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடியும் பாருங்கள். பாதி விளக்குகள் தானாக அணைந்துவிடும். மிச்சம் நிற்பவைதான் உண்மையான புகார்.

நிறத்துக்கு வருவோம். எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் படங்கள் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும், அதற்கு ஐஎஸ்ஓ 2575 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. சிவப்பு என்றால் ஓரம்கட்டி நிறுத்து. மஞ்சள் என்றால் ஓட்டலாம், ஆனால் சீக்கிரம் காட்டு. பச்சையும் நீலமும் தகவல் மட்டும்.

மஞ்சளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. செக் இன்ஜின் விடாமல் எரிந்தால் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவே விட்டுவிட்டு மின்னினால் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள், அப்படியே ஓட்டினால் புகைக்குழாயில் இருக்கிற, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெட்டுப்போகும், அது விலை கூடின சாமான். டீசல் வண்டியில் சுருள் கம்பி மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து அணையும், அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்தால் போதும். ஏப்ரல் 2020க்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசலாக இருந்தால் டிபிஎஃப் விளக்கு என்று ஒன்று வரும். வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டுமே ஓடுகிற வண்டிகளில் புகைவடிகட்டி அடைத்துக்கொள்வதால் வருவது அது. மேனுவலில் சொன்ன வேகத்தில் திருமயம் ரோட்டில் ஒரே சீராக ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும்.

சிவப்பில் நான்கு முக்கியம். பிரேக் விளக்கு ஹேண்ட்பிரேக்கை இறக்கிய பிறகும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், அந்த வண்டியை எடுக்காதீர்கள். மூக்கு வைத்த எண்ணெய்க் குடுவைப் படம் ஆயில் பிரஷர். பலர் அதைப் பார்த்து "ஆயில் கொஞ்சம் கம்மி போல, அடுத்த பங்க்கில் ஊத்திக்கலாம்" என்று ஓட்டுவார்கள். அது ஆயிலின் அளவைச் சொல்லவில்லை, இன்ஜினுக்குள் ஆயில் அழுத்தத்தோடு போகவில்லை என்று சொல்கிறது. அடுத்த பங்க் வரை இன்ஜின் தாங்காது, சீஸ் ஆகி இறுகி நின்றுவிடும். உடனே அணைத்துவிட்டு, ஆயில் மட்டம் காட்டும் கம்பியான டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்.

மிச்சம் பேட்டரி விளக்கும் சூட்டு விளக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள சொந்தம் பலருக்குத் தெரிவதில்லை.

போன கோடையில் கானாடுகாத்தானில் ஒரு வீட்டு மணிவிழா. வெளிநாட்டில் இருந்து வந்த தம்பி ஒருவர் வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பினார். காரைக்குடி தாண்டியதும் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்திருக்கிறது. பின்சீட்டில் இருந்த ஆச்சி கேட்டதற்கு, "பேட்டரிதான் ஆச்சி, சாமி கும்பிட்டுட்டு வந்து மாத்திக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். குன்றக்குடி வருவதற்குள் போனட்டில் இருந்து ஆவி. எனக்கு போன் வந்து நான் போய்ப் பார்த்தபோது பெல்ட் அறுந்து கீழ்த்தட்டில் கிடந்தது. பல கார்களில் டைனமோவைச் சுற்றும் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றும். பெல்ட் போனால் முதலில் சார்ஜ் நின்று பேட்டரி விளக்கு வரும். அதே நொடியில், அந்தப் பம்ப் தள்ளுவதால் இன்ஜினைச் சுற்றி ஓடிக் குளிர்விக்கும் கூலன்டும் நின்றிருக்கும், ஆனால் சூட்டு விளக்கு வருவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அந்தச் சில நிமிடத்தில்தான் ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜினுக்கும் அதன் தலைப்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு, போனது, ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. மணிவிழாச் செலவோடு அதுவும் சேர்ந்துகொண்டது. உங்கள் வண்டியில் வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்டிலோ செயினிலோ ஓடலாம், அப்படியென்றால் இது பொருந்தாது. தெரியாத வரைக்கும் ஓடும்போது பேட்டரி விளக்கு எரிந்தால் நிறுத்தி, போனட்டைத் திறந்து, பெல்ட் இருக்கிறதா என்று மட்டுமாவது பாருங்கள்.

சூட்டு விளக்கைப் பற்றி நான் சொல்ல நினைப்பது இதுதான். அது கடைசியாக வருகிற ஆள், அதை நம்பி ஓட்டாதீர்கள். பல சின்ன கார்களில் இப்போது டெம்பரேச்சர் முள்ளே கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீலத்தில் தெர்மாமீட்டர் படம், நடுவில் ஒன்றுமில்லை, எல்லை மீறினால் சிவப்பு. முள் இருக்கிற வண்டியிலும் அது பெரும்பாலும் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருப்பார்கள், கொஞ்சம் ஏறினாலும் நகராது. இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. கூலன்ட் முழுக்க வடிந்துவிட்டால் சென்சார் தண்ணீரில் மூழ்காமல் காற்றில் நிற்கும். அப்போது இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தாலும் முள் இறங்கிவிடலாம், விளக்கும் வராமல் போகலாம். ஏறிய முள் திடீரென்று விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள், நிறுத்துங்கள். ஏசி சட்டென்று குளிர்ச்சி குறைந்தாலும், இனிப்பு வாடை அடித்தாலும் அப்படித்தான்.

விளக்குக்கு முன்னால் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடம் போனட்டுக்குள் இருக்கும் வெள்ளை ரிசர்வ் டேங்க். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் மட்டம் MIN, MAX என்ற இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஊற்றி வைத்தது அடிக்கடி இறங்கினால் எங்கோ போகிறது என்று அர்த்தம். கீழே சொட்டினால் ஹோஸ், ரேடியேட்டர், பம்ப். எங்கும் சொட்டவில்லை, ஆனால் குறைகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வருகிறது, ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே வெளுத்து நுரை கட்டியிருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நம் ஊர் வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும், கார் ஷெட் பெரும்பாலும் பின்பக்கம். ஆள் நடமாட்டம் கிடையாது. எலிக்கு அதைவிட நல்ல இடம் எது? ரேடியேட்டர் ஃபேனுக்குப் போகிற ஒயரை எலி கடித்து வைத்திருக்கும், உங்களுக்குத் தெரியாது. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். கோயில் வாசலில் பார்க்கிங் கிடைக்காமல் ஏசி போட்டுக்கொண்டு ஊர்ந்து நகரும்போது, காற்றும் இல்லை ஃபேனும் இல்லை, சூடு ஏறிவிடும். ஆகவே கிளம்புவதற்கு முன் வண்டியை ஷெட்டுக்கு வெளியே நிறுத்தி, ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள், பெரும்பாலான வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, ஒயர் என்று ஆள் வைத்துப் பார்த்த பிறகுதான் கிளம்ப வேண்டும். அப்படியே கால் மணி நேரம் ஓட விட்டுக் கீழே குனிந்து பாருங்கள். ஏசியில் இருந்து சொட்டும் தெளிந்த தண்ணீர் பிரச்சினையில்லை. நிறமாக, பிசுபிசுப்பாக இருந்தால் அது கூலன்ட். ரப்பர் ஹோஸை ஆறிய நிலையில் விரலால் அழுத்துங்கள், வெடிப்பு விட்டிருந்தாலோ ஊறிப்போய்ப் பொதபொதவென்று இருந்தாலோ மாற்றிவிடுங்கள். ரேடியேட்டர் முகத்தில் செம்மண் தூசியும் பூச்சியும் அப்பியிருக்கும், பைப் தண்ணீரை மெதுவாக அடித்துக் கழுவலாம். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராகப் பிடித்தால் அந்த மெல்லிய தகடுகள் மடங்கிப்போகும்.

நின்று ஊரும்போது மட்டும் சூடானால் முதலில் ஃபேனைப் பாருங்கள். வேகமாகப் போகும்போது சூடானால் ரேடியேட்டர் அடைப்பு, கூலன்ட் குறைவு, பம்ப், இன்ஜின் சூடாகும் வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு இவற்றில் ஒன்று. மெக்கானிக்கிடம் இதைச் சொன்னால் பாதி வேலை மிச்சம். ஆனால் "தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டி விட்டுடுறேன்ணே, இனி ஹீட்டே ஆகாது" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்ஜின் வேலை செய்ய வேண்டிய சூட்டுக்கு வராமலே ஓடும், மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும், அசல் கோளாறும் அப்படியே இருக்கும். கெட்டிருந்தால் புதிது போடட்டும், விலை ஒன்றும் பெரிதில்லை.

சரி, இவ்வளவுக்கும் பிறகு ரோட்டில் சூடாகிவிட்டது. முள் ஏற ஆரம்பித்த நிலைதான், ஆவி இல்லை, கூலன்ட் ஒழுகவில்லை என்றால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுக்கத் திருப்பி, ப்ளோவரை உச்சத்தில் வையுங்கள். மே மாதக் காரைக்குடியில் ஹீட்டரா என்று வண்டியில் இருக்கிறவர்கள் உங்களைத் திட்டுவார்கள், திட்டட்டும். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். சிவப்பு விளக்கோ ஆவியோ வந்துவிட்டால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம், ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

அப்புறம் யாராவது ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு வந்து மூடியைத் திறக்கப் போவார். விடாதீர்கள். ரேடியேட்டர் மூடி செய்வது குக்கர் வெயிட்டின் வேலை. உள்ளே ஏறத்தாழ ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்தால் அந்த அழுத்தம் போய், உள்ளே இருப்பது ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள், மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்து, சூடும் விறைப்பும் போன பிறகு தடித்த துணியைப் போட்டு மெல்லத் திருப்புங்கள். ஃபேன் பக்கம் கை போக வேண்டாம், இன்ஜின் அணைந்திருந்தாலும் அது தானாகச் சுற்றக்கூடும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம், ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும்.

அவசரத்துக்குக் குடிதண்ணீர் ஊற்றலாம், அதையே வழக்கமாக்கக் கூடாது. இனிப்பான தண்ணீர் என்று பேர்பெற்ற எங்கள் காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீரானாலும் அதில் தாது உப்பு இருக்கத்தான் செய்யும், நாளாக ஆக ரேடியேட்டருக்குள் படியும். வெறும் தண்ணீரில் துருவைத் தடுக்கிற மருந்தும் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்து, 1953இல் திறக்கப்பட்ட சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் இது. உலோகம் எப்படி அரிக்கிறது என்று அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறார்கள், அந்தச் சுவருக்கு வெளியே நாங்கள் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கிறோம். மேனுவலில் சொன்ன வகைக் கூலன்டை வாங்கி, கலந்தே வருவதாக இருந்தால் அப்படியே ஊற்றுங்கள், கெட்டியாக வந்தால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்துச் சேர்க்காதீர்கள், நிறத்துக்கு எந்தத் தரமும் கிடையாது. வேறு வேறு வகை சேர்ந்தால் கட்டிதட்டிப்போவதும் உண்டு.

கல்யாணத்துக்கு முதல் நாள் அல்ல, ஊருக்கு வந்த அன்றே காரை எடுத்துக் காரைக்குடி வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வாருங்கள். மறுநாள் காலையில் ரிசர்வ் டேங்கைப் பாருங்கள். மட்டம் அப்படியே இருந்தால் பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி, திருமயம் எல்லாம் தாராளமாகப் போகலாம். இறங்கியிருந்தால், எங்கே போகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் பிரஷர் போட்டுக் கண்டுபிடிக்கும் வரை கல்யாண வீட்டுக்கு வாடகை வண்டி வைத்துக்கொள்ளுங்கள். அதே காரில் சென்னை திரும்பும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிட்டுப் பல்லவன் ரயிலில் டிக்கெட் போடுங்கள்.