பழைய செயின்சாவைப் பிரிக்கலாமா?

கேள்வி: அப்பா காலத்து ஸ்டீல் (Stihl) கம்பெனி 070 செயின்சா, ரப்பர் மரம் அறுக்கும்போது இறுகி நின்றுவிட்டது. சிலிண்டர் செட் (சிலிண்டர், பிஸ்டன், ரிங்) மாற்றலாமா, புதிதே வாங்கவா?
– வாசகர், தட்டோன்

பதில்: அவசரப்பட்டு எதையும் வாங்கிவிடாதீர்கள், தம்பி. சைலன்சரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். அந்தப் பக்கம் நெடுக்காகக் கீறியிருந்தால் பெரும்பாலும் சூடேறிப் பிடித்திருக்கும்: பெட்ரோலில் ஆயில் குறைவு, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. கார்புரேட்டர் பக்கம் கீறல் என்றால் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கலாம். காரணத்தைச் சரிசெய்யாமல் போட்டால் புது பிஸ்டனும் அதே கதிதான்.

அப்புறம், சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடை ஆட்டுங்கள். பக்கவாட்டில் லேசாக அசையலாம். மேலும் கீழும் ஆடினால் கிராங்க் (அந்த ராட் சுழற்றும் தண்டு) போச்சு, ரிப்பேர் யோசனையை விட்டுவிடுங்கள்.

ஆட்டம் இல்லையா? சரி, தாராளமாக ரிப்பேர் செய்யலாம். 106 சிசி மெஷின், பெரிய மரத்துக்கு அருமையானது. சிலிண்டரில் ஒட்டிய பிஸ்டன் அலுமினியத்தை எடுத்தபின், உள்சுவரில் நகத்தால் தடவிப் பார்த்து எங்கும் சிக்காவிட்டால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். 58 மில்லிமீட்டர் பிஸ்டனும் ரிங்கும் நல்லதாக வாங்கினால் போதும். மலிவான முழு செட்டைவிட ஒரிஜினல் சிலிண்டரையே நான் நம்புவேன். கிராங்க் சீல், பெட்ரோல் குழாய் இரண்டையும் கூடவே மாற்றிவிடுங்கள்.