மீன் பிழைக்கிறது, இறால் ஏன் சாகிறது?

உப்புநீர்த் தொட்டி: வாசகர் கேள்வி-பதில்

கே: மூன்றடி உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். இரண்டு நீமோ மீன்கள் ஒன்றரை வருடமாக நன்றாக இருக்கின்றன. ஆனால் கிளீனர் இறால் மூன்று முறை வாங்கி விட்டேன். மூன்று முறையும் இரண்டு நாளில் செத்துவிட்டது. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில்தான் கடல் உப்பு கலக்கிறேன். எங்கே தவறு?
வாசகி, மதுரை

ப: முதலில் சமையலறைக்குப் போய் அந்த ஆர்.ஓ. மெஷினின் முகப்பைப் பாருங்கள். ‘காப்பர்’ என்று எழுதியிருக்கிறதா? இப்போது விற்கும் குடிநீர் மெஷின்களில் பல, வடிகட்டிய தண்ணீரில் கொஞ்சம் செம்பைச் சேர்த்துத்தான் தருகின்றன. அந்த அளவு நமக்கு ஒன்றும் செய்யாது. இறாலுக்கு விஷம். செப்புக் குடத்தில் பிடித்துவைத்த தண்ணீரும் அப்படித்தான்.

மீன் தாங்குகிற அளவிலேயே இறால், நண்டு, நத்தை, நட்சத்திர மீன் எல்லாம் செத்துப்போகும். மீனுக்கு ஒட்டுண்ணியால் வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து கொடுப்பதே இந்த வித்தியாசத்தை நம்பித்தான்: மீன் தப்பிக்கும், ஒட்டுண்ணி சாகும். இத்தனைக்கும் இறாலின் ரத்தத்திலேயே செம்பு உண்டு; நமக்கு இரும்பு செய்கிற வேலையை, அதாவது ஆக்சிஜனைச் சுமக்கும் வேலையை, அதற்குச் செம்பு செய்கிறது. ஆனால் அந்தச் செம்பு புரதத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. தண்ணீரில் தனியாகத் திரியும் செம்பு நேராகச் செவுளைத் தாக்குகிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2011-ல் என் தொட்டியில் வெள்ளைப்புள்ளி வந்தது. கடையில் கொடுத்த நீல நிறச் செம்பு மருந்தை, மீனைத் தனியே எடுத்து வைக்காமல், தொட்டியிலேயே விட்டுவிட்டேன். காலையில் விளக்கைப் போட்டால், ஆறு சங்கு நண்டுகளும் சங்கைவிட்டு வெளியே மணலில் சுருண்டு கிடந்தன. வேறு சங்குக்கு மாறுகிற அந்த ஒரு நொடி தவிர அவை வெளியே வரவே வராது. நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்திருந்தன. மீன்களோ தீனிக்கு மேலே வந்து நின்றன. வாராவாரம் தண்ணீர் மாற்றி, எட்டு மாதம் கழித்து ஒரே ஒரு இறால் விட்டேன். மூன்றாம் நாள் அதுவும் போய்விட்டது. சுண்ணாம்புப் பாறையும் பவள மணலும் செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லத் திரும்ப விடும். கடைசியில் பாறை, மணல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாகத்தான் ஆரம்பித்தேன்.

உங்கள் தொட்டி அந்த அளவுக்குப் போயிருக்காது என்றே நினைக்கிறேன். செம்பு சோதிக்கும் கிட் ஒன்று வாங்கிப் பாருங்கள். டி.டி.எஸ். மீட்டரை நம்பாதீர்கள், அது கரைந்திருப்பதன் மொத்தக் கணக்கைத்தான் சொல்லும், அதில் செம்பு எவ்வளவு என்று சொல்லாது. செம்பு கலக்காத ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறி, வாரம் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். ஃபில்டரில் செம்பை உறிஞ்சும் ரெசினோ நல்ல கார்பனோ போடுங்கள். கிட் பூஜ்யம் காட்டிய பிறகும் ஒரு மாதம் பொறுத்து, முதலில் இரண்டு நத்தைகளை மட்டும் விட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தொட்டி இருக்கும் அறையில் ராத்திரி கொசு லிக்விட் எரிகிறதா? அதில் இருப்பது பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து. இறாலும் பூச்சியும் கணுக்காலிகள், ஒரே வம்சம். காற்று பம்ப் அறைக் காற்றை இழுத்து இரவெல்லாம் தண்ணீருக்குள் ஊதுகிறது. அந்த அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம், இறாலைக் கொண்டுவந்ததும் எப்படி விடுகிறீர்கள்? பையை அரைமணி மிதக்கவிட்டு உள்ளே கொட்டுவது மீனுக்கே சரியில்லை. மீன் தன் உடம்பின் உப்பைத் தானே சமாளிக்கும். முதுகெலும்பில்லாத கடல் உயிர்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் கிட்டத்தட்ட ஒரே உப்புதான். கடையில் அடர்த்தி 1.020 இருந்து உங்கள் தொட்டியில் 1.025 இருந்தால், அந்த இடைவெளியை அது மெதுவாகத்தான் கடக்க முடியும். காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு மூன்று துளியாகத் தொட்டித் தண்ணீரை, இறால் இருக்கும் வாளிக்குள் இறக்குங்கள். இறாலுக்கு ஒன்றரை மணி நேரம். நட்சத்திர மீனுக்கு மூன்று மணி நேரமானாலும் நான் அவசரப்படுவதில்லை.

கே: என் இறால் செத்துக் கிடக்கிறது. கண், மீசை எல்லாம் அப்படியே இருக்கிறது, ஆனால் உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கிறது. முந்தின நாள்வரை நன்றாகத்தான் தின்றது.
வாசகர், திருச்சி

ப: அது இறால் இல்லை, அதன் சட்டை. தலைக்கும் வாலுக்கும் நடுவே முதுகுப்பக்கம் பிளந்திருக்கிறதா பாருங்கள். அந்த வழியாகத்தான் வெளியே வந்திருக்கும். புது ஓடு இறுகும்வரை பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும். ஓரிரு நாள் தொட்டிக்குள் கையே விடாதீர்கள்.

கே: எங்கள் ஊரில் வலையில் பவளத் துண்டும் கடல் அட்டையும் நட்சத்திர மீனும் வருகின்றன. அவற்றைத் தொட்டியில் வளர்க்கலாமா?
கல்லூரி மாணவர், தூத்துக்குடி

ப: தம்பி, பவளமும் கடல் அட்டையும் வேண்டவே வேண்டாம். பாறை கட்டும் பவளம், கடல் விசிறி, கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உயிருள்ளதோ செத்ததோ, வைத்திருந்தாலே வழக்கு. சிறை மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடம்வரை. உங்கள் ஊரிலிருந்து பாம்பன் பக்கம்வரை நீளும் 21 தீவுகளைச் சுற்றி, 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்ததே இந்தப் பவளத்துக்காகத்தான்.

நட்சத்திர மீனைச் சட்டத்துக்காக நான் மறுக்கவில்லை. புதுத் தொட்டியில் அதற்குத் தின்ன ஒன்றும் இருக்காது. பட்டினி வெளியே தெரியாது. மாதக்கணக்கில் சுருங்கி, பிறகு ஒரு நாள் கை நுனி வெளுத்து உதிர ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு காப்பாற்றியதாக எனக்கு நினைவில்லை. வலை இழுக்கும் அண்ணன்களிடம், உயிரோடு வருவதைப் படகிலிருந்தே கடலில் விடச் சொல்லுங்கள். உங்கள் தொட்டிக்குப் பாறை வேண்டுமென்றால் பீங்கானில் செய்தது கடையில் கிடைக்கிறது. தண்ணீர் பழகும்வரை ஆறு வாரம் காலியாக ஓடவிடுங்கள்.