பாட் கட்டளைகளை நிறுத்தும் சுவிட்ச்: மாடரேட்டர்களிடம் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

கேள்வி: டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் ஒரு பெரிய சர்வரை (குழுவை) நடத்துகிறேன். பைத்தானில் நானே எழுதிய பாட் (கட்டளைக்குத் தானாகப் பதில் தரும் நிரல்) அதில் ஓடுகிறது. பகடை, வினாடி வினா, மீம் என்று பல கட்டளைகள். யாராவது பகடையை விடாமல் உருட்டிச் சேனலை நிரப்பினால், நிரலைத் திறந்து அந்தக் கட்டளையை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்கிறேன். நான் தூங்கும் நேரத்தில் மாடரேட்டர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். கட்டளைகளை அவர்களே நிறுத்தவும் மறுபடி ஓடவிடவும் வேண்டும். 'சர்வரை நிர்வகித்தல்' அனுமதியைக் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்த அனுமதி நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. அது இருப்பவர் சர்வரின் பெயரை மாற்றலாம், முன்பின் தெரியாத பாட்களைக் கொண்டுவந்து சேர்க்கலாம். பகடையை நிறுத்த வேண்டிய ஒருவருக்கு இவ்வளவும் எதற்கு? நாளைக்கு ஒரு மாடரேட்டரின் கணக்கு திருடு போனால், அவரிடம் எவ்வளவு அனுமதி இருக்கிறதோ அவ்வளவும் திருடியவனுக்குப் போய்விடும்.

டிஸ்கார்டிலேயே இதற்கு ஒரு வசதி இருப்பதால்தான் உங்களுக்கு அந்த யோசனை வந்திருக்கும். சர்வர் அமைப்புகளில் 'இன்டக்ரேஷன்ஸ்' பகுதிக்குப் போனால், சாய்கோடு (/) போட்டு அழைக்கும் ஒவ்வொரு ஸ்லாஷ் கட்டளையையும் எந்த ரோல் (உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் பொறுப்பு), எந்த உறுப்பினர், எந்தச் சேனல் பயன்படுத்தலாம் என்று பிரித்துவிடலாம். 2022-இல் வந்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதைத் தொடவே 'சர்வரை நிர்வகித்தல்' அனுமதி வேண்டும். பாட் தன் சொந்த டோக்கனை (அது டிஸ்கார்டில் நுழையும் சாவியை) வைத்து அதை மாற்றவும் முடியாது. ஆச்சரியக்குறி போட்டுத் தட்டச்சு செய்யும் பழைய பாணிக் கட்டளைகளுக்கோ அது செல்லவே செல்லாது. ஆக, அது உரிமையாளர் ஒரு தடவை உட்கார்ந்து செய்துவிட்டுப் போகும் வேலைக்கானது. நடுராத்திரி அவசரத்துக்கு உங்கள் நிரலுக்குள்ளேயே ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும்.

சுவிட்சின் உள்ளமைப்பு எளிது. டேட்டாபேஸில் ஒரு அட்டவணை: சர்வரின் எண், கட்டளையின் பெயர், நிறுத்தியவர், நிறுத்திய நேரம், எதுவரை. எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸே போதும். ஒரு கட்டளைக்கு அதில் வரிசை இருந்து, கெடுவும் முடியாமல் இருந்தால் அது நிறுத்தப்பட்டிருக்கிறது, இல்லாவிட்டால் ஓடுகிறது, அவ்வளவுதான். இப்படி வைத்தால் புதிதாக ஒரு கட்டளை எழுதும்போது அட்டவணையைத் தொட வேண்டியதில்லை. எந்தக் கட்டளை வந்தாலும் ஓடுவதற்கு முன் ஒரே ஒரு இடத்தில் இந்த அட்டவணையைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டளைக்குள்ளும் தனித்தனியாகச் சோதனை எழுதினால் எங்காவது ஒன்றில் விட்டுப்போகும்.

பாட் எழுத உதவும் டிஸ்கார்ட்.பை என்ற பைத்தான் நூலகத்தை நீங்கள் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். அதில் கட்டளைக்கு 'எனேபிள்டு' என்று ஒரு பண்பு உண்டு. அதை ஆஃப் செய்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் அது நினைவகத்தில் மட்டும் இருப்பது, ரீஸ்டார்ட் ஆனதும் பழையபடி ஓடத் தொடங்கிவிடும். தவிர, அது பாட் முழுவதற்கும் ஒன்றுதான்: ஒரு சர்வரின் மாடரேட்டர் பகடையை நிறுத்தினால், பாட் இருக்கும் எல்லாச் சர்வர்களிலும் பகடை நின்றுவிடும். இரண்டாவது, பழைய பாணிக் கட்டளைகளுக்கு நீங்கள் போடும் பொதுச் சோதனை ஸ்லாஷ் கட்டளைகளைத் தடுக்காது. அவற்றுக்கு, ஸ்லாஷ் கட்டளைகளைத் தொகுத்து வைக்கும் கட்டளை மரத்தில் இருக்கும் 'இன்டராக்ஷன் செக்' என்ற இடத்தில் தனியாக எழுத வேண்டும். இரண்டு வகையும் வைத்திருப்பவர்கள் இரண்டு இடத்திலும் எழுதி, இரண்டிலிருந்தும் ஒரே அட்டவணையைப் பாருங்கள்.

இப்போது மாடரேட்டர் தட்டச்சு செய்யப்போகும் கட்டளை. பலரும் ஒரே கட்டளை வைப்பார்கள்: ஓடினால் நிறுத்தும், நின்றிருந்தால் ஓடவிடும். தயவுசெய்து அப்படி வைக்காதீர்கள். சேனலில் களேபரம் நடக்கும்போது இரண்டு மாடரேட்டர்கள் ஒரே நேரத்தில் பார்ப்பார்கள். முதலாமவர் அடித்ததும் பகடை நிற்கும், அரை விநாடி கழித்து இரண்டாமவர் அடித்ததும் மறுபடி ஓடும். இருவருமே தாங்கள் நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். '!நிறுத்து பகடை', '!ஓடவிடு பகடை' என்று இரண்டு தனிக் கட்டளைகள் வைத்துவிட்டால் எத்தனை பேர் எத்தனை தடவை அடித்தாலும் விளைவு ஒன்றுதான். ஏற்கெனவே நின்றிருந்தால் பாட் அதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கட்டும்.

கட்டளைக்குச் சுருக்கப் பெயர்கள் இருந்தால், முதலில் அவற்றை மூலப் பெயருக்கு மாற்றிவிட்டு அப்புறம் அட்டவணையைப் பாருங்கள். இல்லாவிட்டால் '!பகடை' நின்றிருக்கும், '!ப' ஜோராக ஓடும். குறும்புக்காரர்கள் இதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். கட்டளைகளைத் தமிழிலேயே வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: 'போடு' என்பதில் உள்ள ஓகாரக் குறி யூனிகோடில் ஒரே குறியாகவும் வரலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் வரலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கணினிக்கோ அவை வேறு வேறு. பைத்தானின் 'யூனிகோடுடேட்டா' தொகுப்பால் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிட்டால் தீர்ந்தது.

சில கட்டளைகளை யாரும் நிறுத்த முடியாதபடி பூட்டி வையுங்கள். முக்கியமாக நிறுத்து, ஓடவிடு ஆகிய இரண்டும். '!நிறுத்து ஓடவிடு' என்று விளையாட்டுக்கு ஒருவர் அடித்தால், மறுபடி ராத்திரியில் உங்களைத்தான் எழுப்புவார்கள். உதவிக் கட்டளை, புகார் கட்டளை இருந்தால் அவையும் இந்தப் பட்டியலில். எதிர்த்திசையிலும் ஒன்று வேண்டும்: உரிமையாளர் நிறுத்தியதை மாடரேட்டர் திறக்க முடியாதபடி ஒரு குறியீடு.

யார் மாடரேட்டர் என்பதை ரோலின் பெயரை வைத்துத் தீர்மானிக்காதீர்கள், டிஸ்கார்ட் அதற்குத் தரும் எண்ணை வைத்துத் தீர்மானியுங்கள். பெயரை யாராவது அழகுபடுத்தி மாற்றிய அன்றைக்கு எல்லாம் நின்றுவிடும்.

நிறுத்திய கட்டளையை ஒருவர் அழைத்தால் என்ன பதில்? பழைய பாணிக் கட்டளையென்றால் பேசாமல் இருப்பதே என் கட்சி. 'இது நிறுத்தப்பட்டுள்ளது' என்று ஒவ்வொரு தடவையும் பாட் பதில் போட்டால், சேனலை நிரப்பும் வேலையை இப்போது பாட்டே செய்யும். ஸ்லாஷ் கட்டளையில் பேசாமல் இருக்க முடியாது: 3 விநாடிக்குள் பதில் போகாவிட்டால் செயலி பதிலளிக்கவில்லை என்று டிஸ்கார்ட் காட்டும், பாட் செத்துவிட்டது என்று உறுப்பினர்கள் உங்களுக்கு எழுதுவார்கள். அங்கே அழைத்தவருக்கு மட்டும் தெரியும் தற்காலிகச் செய்தியாக ஒரு வரி அனுப்புங்கள்.

காலக்கெடுவும் அவசியம். அவசரத்தில் நிறுத்தியதைத் திறக்க எல்லோரும் மறப்பார்கள். '!நிறுத்து பகடை 30' என்றால் 30 நிமிடம், எண் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் என்று வைக்கலாம். இதற்கு நிரலில் டைமர் ஓட்ட வேண்டாம், ரீஸ்டார்ட் ஆனால் அது போய்விடும். முடியும் நேரத்தை அட்டவணையில் எழுதிவிட்டு, கட்டளை வரும்போது இப்போதைய நேரத்தோடு ஒப்பிட்டால் போதும். கூடவே, யார் எதை எப்போது நிறுத்தினார் என்று மாடரேட்டர்களின் தனிச் சேனலில் ஒரு வரி விழட்டும். 'நான் இல்லை, அவர்தான்' என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

இதையே வேறு தளங்களில் செய்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தில் சேனல் உரிமையாளரின் செய்தியில் மாடரேட்டர் அடையாளம் வராது, ஒளிபரப்பாளர் பேட்ஜ்தான் வரும். மாடரேட்டரா என்று மட்டும் சோதித்தால் உரிமையாளரே வெளியே நிற்பார். டெலிகிராமில் குழு நிர்வாகி பெயரை மறைத்துக்கொண்டு எழுதினால், செய்தி குழுவின் பெயரிலேயே வரும். அனுப்பியவரை நிர்வாகிகள் பட்டியலில் தேடினால் கிடைக்க மாட்டார். செய்தியை அனுப்பியது அதே குழுதானா என்று பார்த்து அவரை அனுமதிக்கலாம். அங்கே கட்டளைப் பட்டியலை நிர்வாகிகளுக்கு மட்டும் காட்டும் வசதி மெனுவை மட்டுமே மறைக்கும். பெயர் தெரிந்தவர் தட்டச்சு செய்தால் கட்டளை பாட்-க்குப் போய்ச் சேரும், தடுப்பது உங்கள் நிரலின் வேலை.

எழுதி முடித்ததும் உங்கள் கணக்கிலிருந்து சோதித்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். டிஸ்கார்டில் சர்வர் உரிமையாளருக்கு எல்லா அனுமதியும் உண்டு, உங்களுக்கு எல்லாமே வேலை செய்யும். மாடரேட்டர் ஒருவரையும் எந்த ரோலும் இல்லாத ஒருவரையும் கூப்பிட்டு, இருவரையும் '!நிறுத்து பகடை' அடிக்கச் சொல்லுங்கள். பிறகு பாட்-ஐ ரீஸ்டார்ட் செய்துவிட்டு, பகடை இன்னும் நின்றிருக்கிறதா என்று பாருங்கள்.