அந்தக் கேனைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்

கேள்வி: வெள்ளகோவில் பக்கம் கொரங்காட்டில் (வேலி கட்டிய மேய்ச்சல் காட்டில்) 60 செம்மறி மேய்க்கிறோம். சந்தைக்கு வண்டியில் வரும் ஒருவரிடம் 5 லிட்டர் கேன் அல்பெண்டசோல் குடற்புழு மருந்து வாங்கி, மூன்று பட்டிக்காரர்கள் பிரித்துக்கொண்டோம். ஆட்டுக்கு ஒரு மூடி ஊற்றினோம். 15 நாள் ஆகியும் தாடை வீக்கம் வற்றவில்லை. இரண்டு ஆடுகள் இறந்துவிட்டன. கூடவே ஒரு லிவர் டானிக்கும் கொடுத்திருந்தார். மருந்து போலியா? யாரிடம் கொடுத்துச் சோதிப்பது? மீதி ஆடுகளை விற்றுவிடலாமா?

பதில்: அம்மணி, அந்தக் கேன் இன்னும் இருக்கிறதா? இருந்தால் மூடியை இறுக்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். தகரக் கொட்டகை வேண்டாம். லேபிளை நான்கு பக்கமும் கைப்பேசியில் படம் எடுங்கள். பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, உற்பத்தி உரிம எண், கம்பெனியின் முகவரி எல்லாம் படத்தில் படிக்கும்படி விழ வேண்டும். கால்நடை மருந்துக்குச் சட்டம் இன்னொன்றையும் கேட்கிறது. ‘மனிதர்களுக்கு அல்ல, விலங்குகளின் சிகிச்சைக்கு மட்டும்’ என்ற வாசகமும், ஒரு வீட்டு விலங்கின் தலைப்படமும் லேபிளில் இருக்க வேண்டும். அந்தத் தலை இல்லாத கேனை இனிமேல் கையால் தொடாதீர்கள்.

போலியா என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் மருந்து கேட்கவில்லை என்று என்னிடம் வந்தவர்களில் பலருக்கு மருந்து சரியாகவே இருந்தது. அளவுதான் கெட்டிருந்தது. ‘ஆட்டுக்கு ஒரு மூடி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மூடிக்கு எத்தனை மில்லி பிடிக்கும் என்று அளந்தீர்களா? உங்கள் மருந்து 2.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லியில் 25 மில்லிகிராம் இருக்கும். லேபிளில் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், 30 கிலோ ஆட்டுக்கு 225 மில்லிகிராம், அதாவது 9 மில்லி வேண்டும். மூடி 5 மில்லி பிடித்தால் பாதி மருந்துதான் உள்ளே போயிருக்கிறது. பாதி மருந்து புழுவைக் கொல்லாது, மருந்துக்குப் பழக்கிவிடும். பட்டியில் உள்ள கனமான ஆட்டை எடை போட்டு, அந்த அளவை வைத்து ஊற்றுங்கள். வெள்ளாட்டுக்கு இந்தக் கணக்கு போதாது. அது தனிக் கதை.

அடுத்தது, கலக்குவது. இந்த மருந்து தண்ணீரில் கரைந்து நிற்பதில்லை, பொடி மிதந்து நிற்கிறது. ஒரு மாதம் அசையாமல் இருந்த கேனை நீங்களே சாய்த்துப் பாருங்கள்: மேலே நீர்த்த பால், அடியில் சுண்ணாம்புக் குழம்பு. மூன்று பட்டிக்குப் பிரித்தீர்களே, முதலில் ஊற்றிக்கொண்டவர் யார்? மேல்பாகம் அவருக்குப் போயிருந்தால் அவர் ஆடுகள் வெறும் தண்ணீரைக் குடித்திருக்கும். கடைசியில் வழித்து எடுத்தவருக்குத் தேவைக்கு மேல் போயிருக்கும். ஒருமுறை ஒருவர் பழைய குடிநீர் பாட்டிலில் இப்படிப் பங்கு போட்ட மருந்தைக் கொண்டுவந்து “டாக்டர், டூப்ளிகேட் மருந்து” என்றார். பாட்டிலைக் குலுக்கினால் விரல் நுனி அளவுக்குக்கூட வெள்ளை எழவில்லை. கம்பெனி ஏமாற்றியதா, பங்காளி ஏமாற்றினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. லேபிளே இல்லாத பாட்டிலை வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது?

மருந்து கெட்டதா, புழு பழகிவிட்டதா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. இப்போது 10 ஆடுகளின் ஆசனவாயிலிருந்து புழுக்கை எடுத்து, ஆட்டுக்கு ஒரு சின்னக் கவராக எண் போட்டு, அன்றைக்கே மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலோ, நாமக்கல் அல்லது உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கொடுங்கள். தரையில் கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டு போகாதீர்கள். பிறகு அதே பெயர் மருந்தை உரிமம் உள்ள கடையில் ரசீதோடு வாங்கி, வேறு பேட்ச்சாகப் பார்த்து, சரியான அளவில் ஊற்றி, 14 நாள் கழித்து அதே ஆடுகளின் புழுக்கையை மறுபடி கொடுங்கள். அதில் உள்ள புழு முட்டைகளின் எண்ணிக்கை 95 சதவீதமாவது குறைந்திருந்தால் மருந்து வகை உங்கள் பட்டியில் வேலை செய்கிறது என்று பொருள். பழைய கேனோ, மூடியோதான் குற்றவாளி. குறையவில்லை என்றால் புழு பழகிவிட்டது; வகையை மாற்ற வேண்டும். தாடை வீங்கிய ஆடுகள் இதற்கெல்லாம் காத்திருக்க முடியாது. கீழ் இமையை விலக்கிப் பார்த்தால் உள்ளே வெளுத்திருக்கும். நான்காம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழுவின் வேலை அது. அவற்றை இன்றே கால்நடை மருந்தகத்தில் காட்டி, வேறு வகை மருந்தை எழுதி வாங்குங்கள்.

இனிப் புகார். பலரும் கால்நடைத் துறையிடம் போகிறார்கள். மருந்தின் தரம் அவர்கள் கையில் இல்லை. மாட்டு மருந்தானாலும் மனித மருந்தானாலும் 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டம்தான். அதை நடத்துவது சுகாதாரத் துறையின் கீழ் வரும் மருந்து கட்டுப்பாட்டுத் துறை. உங்கள் சரக மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். ஆனால் திறந்த கேனை வைத்து வழக்கு நிற்காது. நீங்களே தண்ணீர் ஊற்றவில்லை என்று எப்படி நிரூபிப்பது? ஆய்வாளர் விற்றவரிடம் போய், அதே பேட்ச்சின் சீல் உடையாத சரக்கை எடுத்து நான்கு பங்காக்கி முத்திரை வைப்பார். அதில் ஒரு பங்கு அரசு ஆய்வகத்துக்குப் போகும், ஒன்று விற்றவரிடமே இருக்கும். சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி அரசு ஆய்வகத்தின் பகுப்பாய்வாளருக்கு அனுப்பிச் சோதிக்கவும் உரிமை உண்டு. கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அதிகாரிகளும் சொல்லிக் கேட்டதில்லை.

இதற்கெல்லாம் விற்றவர் ஒரு முகவரியில் இருக்க வேண்டுமே! வண்டிக்காரர் அடுத்த வாரம் இன்னொரு சந்தையில் இருப்பார். அவர் கொடுத்த எண் அணைந்திருக்கும். ரசீது கேட்டால் “நமக்குள்ள என்னங்க ரசீது” என்பார். கேனுக்கு நூறு இருநூறு குறைவு என்பதற்காக அவரிடம் வாங்குகிறோம்; அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை. காலாவதி நெருங்கிய சரக்கு, வெயிலில் வெந்த சரக்கு, தேதியை அழித்து ஒட்டிய சரக்கு எல்லாம் அந்த வண்டியில்தான் ஊர்வலம் வருகிறது. ‘தமிழ்நாடு அரசு விநியோகம், விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்ட பாட்டிலையும் விலைக்குப் பார்த்திருக்கிறேன். மாட்டுக்கு டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து கூடாது என்று 2006இல் தடை வந்த பிறகும், மனிதருக்கான பெரிய பாட்டிலை மாட்டுக்குத் தள்ளியவர்கள் இந்த வகை ஆட்கள்தான். செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் செத்தன. மனித டைக்ளோஃபினாக் ஊசியை 3 மில்லிக்கு மேல் ஒரே பாட்டிலில் அடைக்கக் கூடாது என்று உத்தரவிட 2015 வரை ஆயிற்று. நம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்று எஞ்சியிருப்பவற்றை எண்ணிப் பார்த்தால் வேகம் போதாது என்று புரியும்.

லிவர் டானிக்கை மறக்கவில்லை. அதற்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாமல் போகலாம். லேபிளில் ‘தீவனச் சேர்க்கை’ அல்லது ‘ஃபீட் சப்ளிமெண்ட்’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருந்தால் சட்டத்தின் கண்ணில் அது மருந்தே அல்ல, தீவனம். பெயரில் ‘லிவ்’ இருக்கும், படத்தில் ஈரல் இருக்கும், விலை மருந்து விலை இருக்கும், மருந்து உற்பத்தி உரிம எண் மட்டும் இருக்காது. மருந்து ஆய்வாளரிடம் கொண்டுபோனால் “இது என் வேலை இல்லை” என்பார். அவர் சொல்வது சரிதான், அதுதான் எரிச்சல். கால்சியம் திரவம், பால் பெருக்கி, தாது உப்புக் கலவை என்று நம் ஊர்க் கடைகளில் பாதி அலமாரி இந்த வகை. தாது உப்புக்காவது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவுகோல் ஒன்று இருக்கிறது, முத்திரை பார்த்து வாங்கலாம். மற்றவற்றில் என்ன இருக்கிறது என்று எந்த அரசு ஆய்வகமும் தானாக வந்து பார்ப்பதில்லை. ஆகவே உங்கள் புகாரில் டானிக்கைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அதைக் காட்டியே மொத்த மனுவையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். டானிக்குக்கு ரசீது இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தனியாகக் கேட்கலாம். ரசீது இல்லை என்பது எனக்குத் தெரியும்.

மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு தரமற்ற மருந்துகளின் பட்டியலைப் பேட்ச் எண்ணோடு மாதந்தோறும் இணையத்தில் போடுகிறது. வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் உங்கள் பேட்ச்சைத் தேடச் சொல்லுங்கள். பட்டியலில் இல்லையென்றால் நல்ல மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பேட்ச்சை யாரும் எடுத்துச் சோதிக்கவில்லை என்றும் இருக்கலாம். ஆய்வாளர்கள் சிலர், மனித மருந்துக் கடைகள் எண்ணற்றவை, மாட்டு மருந்து கடைசி வரிசை. மாதிரி எடுத்து, ஆய்வகத்துக்குப் போய், முடிவு திரும்புவதற்குள் அந்தச் சரக்கு விற்றே தீர்ந்திருக்கும். பந்தி முடிந்த பிறகு இலை போடுகிறார்கள். அதற்காகப் புகார் கொடுக்காமல் இருக்காதீர்கள். மூன்று பட்டிக்காரர்களும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

விற்பது பற்றி. லேபிளில் இறைச்சிக்கான விலக்கு நாட்கள் போட்டிருந்தால், கடைசியாக ஊற்றிய நாளிலிருந்து அத்தனை நாள் அறுப்புக்கு விற்காதீர்கள். போடவில்லை என்றால் விதிப்படி இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள், பாலுக்கு 7 நாள். நீங்கள் ஊற்றி 15 நாள்தான் ஆகிறது. டாக்டர் இப்போது புதிய மருந்து கொடுத்தால் அன்றிலிருந்து மறுபடி எண்ண வேண்டும். இடையில் இன்னொரு ஆடு விழுந்தால் புதைக்காமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றில் உயிரோடு நெளியும் புழுவைக் குறித்து டாக்டர் எழுதித் தரும் அறிக்கையையும் மனுவோடு இணைத்துவிடுங்கள்.